பூமலையில் அப்பாயியின் உளி

அன்புள்ள பாப்பா,

இங்கே நான் நலம். உன் அம்மாவும் நலம்தான், முழங்காலைத் தவிர. அந்த முழங்காலுக்கு இப்போது என்மேல் கோபம். ஏன் என்று சொல்கிறேன், கடைசியில் உன்னிடம் ஒன்று கேட்கவும் வேண்டியிருக்கிறது.

போன சனிக்கிழமை நாங்கள் பூமலைக்கு, அதுதான் நம் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்கு, போனோம். அங்கே தொண்டூழியர்கள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடந்து, தோட்டத்தின் பழைய கதைகளைச் சொல்கிறார்களாம். காசு கிடையாது. உன் அம்மா எங்கோ கேள்விப்பட்டு, போகலாம் என்று ஒற்றைக்காலில் நின்றாள். சரி என்று கிளம்பினோம். ரயிலில் 'பூமலை' என்று தமிழில் எழுதியிருக்கும் நிலையத்தில் நான் பெருமையாக இறங்கினேன். நடை தொடங்குவதோ அந்தப் பக்கம், தங்ளின் வாசலில். தோட்டத்தின் ஒரு கோடிக்கும் மறுகோடிக்கும் இரண்டு கிலோமீட்டருக்கு மேலே. நேப்பியர் நிலையத்தில் இறங்கியிருந்தால் பக்கத்திலேயே வாசல். உன் அம்மா ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் நடந்தால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்.

ஒரு பதினைந்து பேர் இருந்திருப்போம். கூட்டிப்போனது ஒரு சீன அம்மா, எழுபது வயது இருக்கும், என்னைவிட வேகமாக நடக்கிறார். கையில் பிளாஸ்டிக் உறை போட்ட படங்கள் நிறைந்த ஒரு கோப்பு. ராஃபிள்ஸ் 1822இல் கேனிங் மலையில் ஜாதிக்காயும் கிராம்பும் வளர்க்க ஒரு தோட்டம் போட்டது, அது 1829இல் மூடப்பட்டது, இப்போதைய இடத்தில் 1859இல் மறுபடி தொடங்கியது என்று ஆரம்பித்தார். அன்னக் குளம் 1866இல் வெட்டியது. அந்தக் குளக்கரையில் உன் அம்மாவை நிற்கவைத்து, கல்யாணமான புதிதில் நான் எடுத்த படம் இன்னும் நம் ஆல்பத்தில் இருக்கிறது. அதைச் சொல்லலாம் என்று திரும்பினேன். அவள் இன்னும் சமாதானம் ஆகவில்லை.

எண்கோண வடிவில் வெள்ளையாக இருக்குமே, அந்த இசை மேடை 1930இல் கட்டியது. சுற்றி நிற்கிற மரங்களின் இலை ஏன் மஞ்சளாக இருக்கிறது என்று நீ சின்ன வயதில் கேட்டதும், வெயிலில் காய்ந்துவிட்டது என்று நான் அளந்துவிட்டதும் ஞாபகம் இருக்கிறதா? அதுவும் நம் தூங்குமூஞ்சி மரம்தானாம், மஞ்சள் இலை விடுகிற வகை. முப்பது வருஷம் கழித்துத் திருத்திக்கொள்.

குரங்குக் கதை ஒன்றும் சொன்னார். கார்னர் என்று ஒரு தாவரவியலாளர், போருக்கு முந்திய வருஷங்களில், உயரமான காட்டு மரங்களின் பூவையும் இலையையும் பறிக்க 'பெரோக்' குரங்குகளைப் பழக்கி வைத்திருந்தாராம். மலாய் மொழியில் கட்டளை கொடுத்தால் குரங்கு ஏறி, கேட்ட கிளையை ஒடித்துப் போடும். தேங்காய் பறிக்கப் பழக்குகிற குரங்கை நான் ஜொகூரில் பார்த்திருக்கிறேன். அதற்கு அரசாங்க உத்தியோகம் கிடைத்தது இப்போதுதான் தெரியும்.

இதெல்லாம் வேடிக்கை. நான் எழுத உட்கார்ந்தது ரப்பருக்காக.

ஒரு நிழலில் எங்களை நிற்கவைத்து அந்த அம்மா கோப்பைத் திறந்தார். 1876இல் விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார். ரப்பர் விதைக்கு ஆயுள் குறைவு, சில வாரங்களில் உயிர் போய்விடும். அதனால் மூவாயிரத்துக்கும் குறைவாகத்தான் முளைத்தன. அதில் பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. அடுத்த வருஷம், 1877இல், 22 நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. கொஞ்சம் இங்கே நட்டார்கள், கொஞ்சம் பேராக்கில் கோலகங்சாருக்குப் போயின. இருபத்திரண்டு, பாப்பா. நம் வீட்டுத் தாழ்வாரத்தில் உன் அம்மா வைத்திருக்கிற தொட்டிகளே அதைவிட அதிகம்.

மரம் வந்தும் யாரும் சீந்தவில்லை. தோட்டக்காரத் துரைமார்களுக்கு அப்போது காப்பிதான் உசத்தி. 1888இல் ரிட்லி என்பவர் இந்தத் தோட்டத்துக்குத் தலைமை ஏற்று வந்தார். சட்டைப் பையில் ரப்பர் விதையைப் போட்டுக்கொண்டு, பார்க்கிற துரை கையில் எல்லாம் திணிப்பாராம். 'பைத்தியக்கார ரிட்லி' என்றே பெயர். 1896இல் மலாக்காவில் டான் சாய் யான்தான் முதன்முதலில் துணிந்து ரப்பர்த் தோட்டம் போட்டார். அப்புறம் காப்பி விலை விழுந்தது, மோட்டார் வண்டி வந்தது, டயருக்கு ரப்பர் வேண்டியிருந்தது. 1917 வாக்கில் இந்தத் தோட்டத்திலிருந்து எழுபது லட்சத்துக்கு மேல் விதை போயிருந்தது. பைத்தியக்காரன் நூறு வயது வாழ்ந்து 1956இல் கண்ணை மூடினார்.

அடுத்து ஒரு படத்தை எடுத்தார். பழைய கறுப்பு வெள்ளைப் படம். ரிட்லி ஒரு ரப்பர் மரத்தின் பக்கத்தில் நிற்கிறார், மரத்தின் பட்டையில் மீன் முள் மாதிரி, நடுவில் ஒரு கோடும் இரு பக்கமும் சாய்ந்த வெட்டுகளும். பிரேசிலில் கோடாலியால் கொத்திக் கொத்திப் பால் எடுப்பார்கள், மரம் புண்ணாகிவிடும். ரிட்லி 1890களில் கண்டுபிடித்தது வேறு: ஒரே வெட்டின் ஓரத்தை மெல்லியதாகச் சீவிவிட்டால் மறுபடி பால் ஊறும், மரமும் சாகாது. "அதற்குப் பிறகு தொழிலாளர்கள் வந்தார்கள், மலாயா உலக ரப்பரில் பாதியைக் கொடுத்தது" என்று சொல்லி அவர் பக்கத்தைத் திருப்பினார்.

தொழிலாளர்கள் வந்தார்கள். ஒரு வரி.

அவர்மேல் தப்பில்லை. ஒன்றரை மணி நேரத்தில் நூற்று அறுபது வருஷத்தைச் சொல்லவேண்டும். ஆனால் என் கை தானாக மேலே போய்விட்டது. பள்ளிக்கூடத்தில்கூட நான் கை தூக்கினதில்லை. "என் அம்மா சீவியது அப்படியில்லை," என்றேன், என்னுடைய ஆங்கிலத்தில். உன் அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அந்த அம்மா மட்டும், "அப்படியா, எப்படி?" என்று பக்கத்தில் வந்தார்.

மீன் முள் வெட்டு பட்டையைச் சீக்கிரம் தின்றுவிடும். அதனால் பிற்பாடு அதை விட்டுவிட்டார்கள். உன் அப்பாயி காலத்தில் ஒரே வெட்டுதான். இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்கும், மரத்தின் பாதிச் சுற்றளவுக்கு. பால் குழாய்கள் பட்டைக்குள்ளே கொஞ்சம் சாய்வாக ஏறுகின்றன, இப்படிச் சாய்த்து வெட்டினால்தான் நிறையக் குழாய் அறுபடும். இதை விளக்க, உன் அம்மாவின் மடக்குக் குடையை வாங்கி நிமிர்த்திப் பிடித்து, அதை மரமாக வைத்துக்கொண்டு, என் பேனாவை உளியாகப் பிடித்துக் காட்டினேன். குடை சுழன்றுகொண்டே இருந்தது. ஒரு பையன் வந்து பிடித்துக்கொண்டான்.

பட்டையில் சீவுவது தோசை ஓரத்தைவிட மெல்லிசு. உளி கொஞ்சம் ஆழம் குறைந்தால் பால் வராது. கொஞ்சம் கூடினால் கட்டையில் பட்டுவிடும், அந்த இடம் முண்டு முண்டாகப் புடைத்துக்கொள்ளும், பிறகு அங்கே சீவவே முடியாது. கட்டையில் காயம் பட்டால் கூலியில் பிடிப்பார்கள். இரண்டுக்கும் நடுவே இருக்கிற இடம் ஒரு நகத்தின் கனம்கூட இல்லை. அதை அப்பாயி இருட்டில், நெற்றியில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில், ஒரு மரத்துக்கு அரை நிமிஷத்துக்குள், ஒரு காலையில் முந்நூறு நானூறு மரத்துக்குச் செய்தாள். வெயில் ஏறினால் பால் வரத்துக் குறைந்துவிடும், அதனால்தான் அந்த இருட்டு. பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நாலரைக்கு நிற்கவேண்டும். மழை பெய்தால் மரம் நனைந்து, பால் வெட்டை விட்டு வழிந்து வீணாகும், வேலை இல்லை. வீட்டில் எங்களுக்கு மழை என்றால் சந்தோஷம், அவளுக்கு இல்லை.

விடுமுறையில் நானும் போவேன். பால் வடிகிற மங்கைத் துடைப்பது, முந்தின நாள் வெட்டில் காய்ந்து நூல் மாதிரி ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்துப் பையில் போடுவது என் வேலை. அந்த நாற்றம் கையை விட்டுப் போகாது, பள்ளிக்கூடத்தில் எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளின் பிள்ளைகளை மூக்கை வைத்தே கண்டுபிடிப்பார்கள். இதை நான் அங்கே சொல்லவில்லை. உனக்கும் இதுவரை சொன்னதில்லை என்று நினைக்கிறேன்.

நான் முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அந்தப் பையன், "அங்கிள், அந்த மரமெல்லாம் இன்னும் இருக்கிறதா?" என்றான். அதை வெட்டிவிட்டு, எண்ணெய் எடுக்கிற செம்பனை போட்டு நாளாயிற்று என்றேன்.

மீதி நடையை அவ்வளவாகக் கவனிக்கவில்லை. செங்கல் படி ஒன்று மட்டும் மனதில் நின்றது. ஜப்பான்காரன் காலத்தில் ஆஸ்திரேலியப் போர்க் கைதிகள் செய்த செங்கல், சிலவற்றில் அம்புக்குறி பதித்திருக்கிறது. தாங்கள் கைதிகள் என்று எதிர்ப்புக் காட்டிப் போட்டதாம். குனிந்து விரலால் தடவிப் பார்த்தேன். சயாமுக்கு ரயில் பாதை போடக் கூட்டிப்போய்த் திரும்பாத என் பெரியப்பாவுக்கு ஒரு செங்கல்கூட இல்லை. சரி, அது வேறு கதை.

கடைசியாகத் தெம்புசு மரம். ஐந்து வெள்ளி நோட்டில் இருக்கிறதே, அதேதான். தோட்டத்தைவிட வயதானது. அந்தக் கீழ்க்கிளை தரைக்குக் கிட்டே படுத்த மாதிரி நீண்டிருக்கும். நீ அதில் ஏறி உட்கார்ந்து இறங்கமாட்டேன் என்று அழுதாய். இப்போது வேலி போட்டுவிட்டார்கள். உன் அம்மா பையிலிருந்து ஒரு ஐந்து வெள்ளியை எடுத்து, மரத்தோடு வைத்துச் சரிபார்த்தாள். அப்போதுதான் என்னிடம் பேச ஆரம்பித்தாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எல்லோரும் கலைந்த பிறகு அந்த வழிகாட்டி அம்மா என்னிடம் வந்து, உங்கள் அம்மாவின் உளி வீட்டில் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது. உன் அறை அலமாரிக்கு மேலே, பிஸ்கட் டின்னில், உன் பள்ளிச் சான்றிதழ்களோடு. ஒருமுறை பள்ளிக்கூடத்தில் காட்டக் கொண்டுபோய், ஆயுதம் என்று ஆசிரியை பிடுங்கி வைத்துக்கொண்டு என்னை வரச்சொன்னாரே, அந்த உளிதான். இன்று காலை டின்னைத் திறந்து பார்த்தேன். நுனி மடங்கி ஒரு சின்ன வாய்க்கால் மாதிரி இருக்கிறது, தீட்டித் தீட்டிப் பாதியாகத் தேய்ந்துவிட்டது. பிடியில் அவள் சுற்றிய சைக்கிள் டியூப் துண்டு இறுகிப்போய் வெடித்திருக்கிறது. கட்டைவிரல் பதிகிற இடத்தில் ஒரு பள்ளம். என் விரலை வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. அவளுக்குச் சின்னக் கை.

அதை இரவலாகக் கொடுத்தால், ரிட்லி படத்தைக் காட்டும்போது கூடவே காட்டுவேன் என்கிறார். இதை வைத்திருந்தவர் பெயரையும் சொல்வேன் என்றார். என் அம்மா பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, உச்சரிக்கச் சொல்லிக் கொடுத்தேன். நான்காவது தடவை சரியாகச் சொன்னார்.

கொடுத்துவிடலாம் என்கிறாள் உன் அம்மா, டின்னில் கிடந்து துருப்பிடிக்கத்தானே போகிறது என்று. எனக்கு இரண்டு மனம். அப்பாயி அதை என் கையில் கொடுக்கவில்லை, உனக்கென்று சொல்லித்தான் வைத்துவிட்டுப் போனாள். உனக்கு அப்போது ஆறு வயது, மறந்திருப்பாய். ஆகவே இது உன் பொருள். நீ வேண்டாம் என்றால் அது டின்னிலேயே இருக்கும், நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். நீ கியூவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறாய், அந்த நாற்றுகள் முளைத்த ஊர். ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு யோசித்துச் சொன்னாலும் சரி.

ஆனால் ரொம்ப நாள் ஆக்காதே. அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை மறுபடி வருவதாக அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். நேப்பியரில் இறங்குவதாக உன் அம்மாவிடமும் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா