ஓடாத வண்டிக்கு ஒரு நாள் வாடகை

மண்டபம்
வெள்ளிக்கிழமை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. போன வாரம் போனில் அரை மணி நேரம் பேசினாய். நான் "சரி, சரி" என்றேனே தவிர, பாதிதான் காதில் விழுந்தது. மீதியை உன் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஜெனரேட்டர் வண்டியை விற்றுவிட்டுப் பேட்டரி வாங்கச் சொல்கிறாய். போனில் பேசித் தீர்கிற விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன்.

தை மாதம் தனுஷ்கோடியில் ஒரு ஷூட்டிங்குக்கு வண்டி கேட்டிருந்தார்கள். சென்னை யூனிட். விடிவதற்கு முன்பே போய், வாடைக்காற்று அடிக்கிற போக்கைப் பார்த்து நிறுத்தினேன். மைக் இருக்கும் இடத்தைக் கடந்து காற்று எந்தப் பக்கம் போகிறதோ, அந்தப் பக்கம் நிறுத்தினால்தான் சத்தம் மைக்குக்கு வராமல் ஒதுங்கும். அப்புறம் நூறு மீட்டர் கேபிள் இழுக்க வேண்டும். மணலில் அதைச் சுருட்டி எடுப்பதற்குள் முதுகு ஒடிந்துவிடும். அன்றைக்குக் கேபிளை இறக்கப் போனால் மேனேஜர் ஓடி வந்து, "வேணாம்ணே, நீங்க ஸ்டாண்ட்பைதான்" என்றார்.

வேனிலிருந்து நான்கு பேட்டரிப் பெட்டிகளை இறக்கினார்கள். ஒன்று 45 கிலோ. சக்கரம் இருந்தது, ஆனால் நம் மணலில் சக்கரம் எதற்கு ஆகும்? ஆளுக்கொரு பக்கம் பிடித்துத்தான் தூக்கிப் போனார்கள். ஒவ்வொன்றிலும் மூன்றரை யூனிட் கரண்ட் நிற்கும் என்றான் லைட்மேன் பையன். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையாம். மற்ற லித்தியத்தைவிடச் சூட்டை நன்றாகத் தாங்குமாம். அப்படியும் வெயில் படாமல் குடை பிடித்து, உப்பும் மணலும் உள்ளே ஏறாமல் பலகை மேல் வைத்திருந்தான். பெட்டியில் சின்ன விசிறி ஓடுகிறது, அது கடல் காற்றைத்தானே உறிஞ்சும். என் ரேடியேட்டரை இந்த உப்பு தின்றதைப் பார்த்தவன் நான். அந்தப் பையனைப் பிடித்துப்போய்விட்டது.

சும்மா உட்கார்ந்திருந்தேன் இல்லையா, கணக்குப் போட்டேன். 600 வாட் எல்இடி நான்கு. எல்லாம் சேர்ந்து 2.4 கிலோவாட். என் வண்டி 62 கேவிஏ, அதாவது ஐம்பது கிலோவாட். முன்பெல்லாம் ஃபைவ் கே, டென் கே என்று ஐந்து, பத்து கிலோவாட் டங்ஸ்டன் லைட்டுகளை வரிசையாகக் கொளுத்துவார்கள், அதற்கு என் வண்டி சரி. இந்த நான்கு லைட்டுக்கு அதை ஓட்டுவது ஒரு தேங்காய்க்கு லாரி பிடிப்பது மாதிரி. லைட்டை அணைத்தாலும் எஞ்சின் சும்மா மணிக்கு மூன்று லிட்டர் குடித்துக்கொண்டிருக்கும். மெக்கானிக் ஒவ்வொரு தடவையும் திட்டுவாரே, முப்பது சதவீத லோடாவது கொடு, இல்லாவிட்டால் எரியாத டீசல் சைலன்சரில் கரியாய் அடையும் என்று. அது ஏன் அடைகிறது என்று எனக்கு இப்போதுதான் உறைத்தது. எல்இடி வந்த நாளிலிருந்து நான் ஓட்டியதில் பாதி வீண் ஓட்டம். இதில் நீ சொன்னதுதான் சரி, ஒத்துக்கொள்கிறேன்.

அன்று சவுண்ட் ரெக்கார்டிஸ்ட் தம்பி, நீயும் சினிமா வேலையில் இருப்பதை நான் சொன்னதும், தன் ஹெட்போனை என் காதில் மாட்டி வால்யூமை ஏற்றினான். ஒரு பக்கம் பெண்கடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம்; இன்னொரு பக்கம் ஆண்கடல், மன்னார் வளைகுடாப் பக்கம். பெண்கடல் மெதுவாக நக்குகிறது, ஆண்கடல் அறைகிறது. முப்பது வருஷமாக அங்கே வண்டி நிறுத்துகிறேன், இரண்டும் தனித்தனியாகக் கேட்டது அன்றைக்குத்தான். நடுவில் ஷாட்டை நிறுத்திவிட்டார்கள். தூரத்தில் ஒரு வள்ளத்தின் டீசல் எஞ்சின்! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஆனால் நீ நினைக்கிற மாதிரி முழுதும் மாறிவிடாது. சாயங்காலத்துக்கு மேல் தனுஷ்கோடியில் ஆள் நிற்க விடமாட்டார்கள், அதனால் மறுநாள் ராத்திரி சீனை மண்டபம் கரையில் வைத்தார்கள். நிலா வெளிச்சத்துக்கு 18 கிலோவாட் ஹெச்எம்ஐ என்கிற பெரிய லைட் ஒன்று. நான்கு பெட்டியையும் ஒட்டக் கறந்தாலும் முக்கால் மணி நேரம் தாங்காது, அவ்வளவு லோடைப் பெட்டிக்குள் இருக்கிற இன்வெர்ட்டர்கள் இழுக்கவும் செய்யாது. அப்போது யாரைத் தேடினார்கள்? பேட்டரியைச் சார்ஜ் போடுவதும் ஒரு கூத்து. தங்கியிருந்த லாட்ஜில் நான்கையும் ஒரே லைனில் சொருகினோம். நானும் கூட நின்று சொருகியவன்தான், இந்த வயதில் எனக்கும் புத்தி வேண்டாமா? டிரிப் ஆகி மாடி முழுக்க இருட்டு. லாட்ஜ்காரர் கத்தியது எனக்கே தெளிவாகக் கேட்டது.

இந்தக் கரண்ட் மட்டும் சுத்தமா என்று உன் அம்மா கேட்கிறாள். கமுதியில் 648 மெகாவாட் சோலார் இருக்கிறது, ஆனால் ராத்திரி லாட்ஜில் ஏற்றினால் தூத்துக்குடி அனல்மின் நிலையத்துப் புகையும் அதில் இருக்குமே என்கிறாள். பகலில் ஏற்றச் சொல் என்றேன். பகலில்தானே ஷூட்டிங் என்றாள். அவளிடம் வாய் கொடுக்க முடியாது.

வண்டியை விற்கவில்லை. முளைக்கொட்டுத் திருவிழாவுக்கும் கல்யாணங்களுக்கும் விடிய விடிய சீரியல் லைட் எரிய வேண்டும். இரண்டு பெட்டி மட்டும் வாங்கலாம் என்றிருக்கிறேன். அங்கே வாடகைக்கு விடுகிறவர்களிடம் விசாரி: பழசு வாங்கினால் எத்தனை தடவை சார்ஜ் ஏறியது என்று பெட்டியிலேயே பார்க்க முடியுமா, மதுரையில் சர்வீஸ் உண்டா, உப்புக்காற்றில் கெட்டுப்போனால் வாரண்டி கொடுப்பார்களா. மூன்றாவதை எழுத்தில் வாங்கு.

ராமநாதபுரத்தில் காது டாக்டரைப் பார்த்தேன். கீச்சென்ற உச்சத்துச் சத்தங்கள்தான் முதலில் போகுமாம், எஞ்சின் பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் அப்படித்தானாம். பெண்பிள்ளைகள் குரல் அதில் சேர்த்தியாம். மெஷின் மாட்டச் சொல்லியிருக்கிறார், அடுத்த வாரம் போகிறேன். அதுவரை வாட்ஸப்பில் எழுதி அனுப்பு.

அம்மா நெத்திலிக் கருவாடு பஸ்ஸில் போட்டிருக்கிறாள். ஹாஸ்டலில் பிரிக்காதே.

அப்பா