பீரோ மேல் இருக்கும் துப்பாக்கி

கிரிஃபித், ஆஸ்திரேலியா
ஏப்ரல் மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? திராட்சை அறுப்பு முடிந்து, குளிர் தொடங்கிவிட்டது. வாடிப்பட்டி மாதிரி இங்கேயும் கால்வாய்ப் பாசனம்தான். நமக்குப் பெரியாறு, இவர்களுக்கு மரம்பிட்ஜி ஆறு.

போன வாரம் முதலாளி வீட்டுக்குப் போயிருந்தோம். முயல், நரித் தொல்லைக்காக இரண்டு துப்பாக்கி வைத்திருக்கிறார். இரண்டும் இரும்புப் பெட்டிக்குள், பூட்டில். 150 கிலோவுக்குக் குறைந்த பெட்டி என்றால் எளிதில் பெயர்க்க முடியாதபடி பொருத்தியாக வேண்டும், இந்த மாநிலச் சட்டம் அப்படி. அதனால் சுவரோடு போல்ட் போட்டிருக்கிறார். தோட்டாக்கள் வேறு பெட்டியில், அதற்குத் தனிப் பூட்டு. 1996-இல் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு நாடு முழுக்கச் சட்டத்தை இறுக்கிவிட்டார்கள். என் பையன் அந்தப் பெட்டியைத் தட்டினான், இழுத்தான். அசையவே இல்லை.

அப்பா, இத்தனை வருஷமாகச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் நாலாவது படிக்கும்போது, ஒருநாள் நீங்கள் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போயிருந்தீர்கள். அம்மா சந்தைக்குப் போயிருந்தாள். நான் ஸ்டூல் போட்டு ஏறி, பீரோ மேல் பழைய வேட்டியில் சுற்றியிருந்த ஒற்றைக்குழலை எடுத்துவிட்டேன். என்ன கனம்! அண்ணன் பக்கம் நீட்டி "டுமீல்" என்றேன். அவன் சிரித்தான். உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பார்க்கக்கூடத் தெரியாத வயசு. இப்போது என் பையனுக்கு அதே வயசு. நினைத்தாலே கை நடுங்குகிறது.

நீங்கள் அஜாக்கிரதையான ஆள் இல்லை. லைசென்ஸ் புதுப்பிக்கத் தவறியதில்லை. தேர்தல் என்றால் முதல் ஆளாக ஸ்டேஷனில் ஒப்படைத்துவிடுவீர்கள் (அந்த நாட்களில்தான் அம்மா நிம்மதியாகத் தூங்குவாள்). ஆனால் பிள்ளைகளுக்கு எட்டாத இடம் என்று வீட்டில் எதுவுமே கிடையாது. பீரோ சாவி கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குவது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தோட்டா டப்பா கீழ் இழுப்பறையில் இருப்பதும் தெரியும்.

மே லீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவதாக மதினி சொன்னார்கள். அதற்குள் வெல்டிங் பட்டறையில் கனத்த தகட்டில் ஒரு பெட்டி அடிக்கச் சொல்லி, உள்ளறைச் சுவரில் போல்ட் போட்டுவிடுங்கள். தோட்டாவுக்குச் சின்னப் பெட்டி, வேறு அறையில். உள்ளே வைக்கும்முன் குழலைத் திறந்து பார்த்துவிடுங்கள். இரண்டு சாவியும் உங்களோடே இருக்கட்டும், ஆணியில் வேண்டாம்.

பணம் அண்ணன் கணக்கில் போட்டிருக்கிறேன். பெட்டியை மாட்டிய அன்றைக்கே போன் பண்ணுங்கள். இங்கே நடுராத்திரியாக இருந்தாலும் எடுப்பேன்.

உங்கள்
சின்னவன்