மூன்று நாள் படிப்பும் முப்பத்திரண்டு அலகும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழின் வரி விளம்பரங்களில், வீடு வாடகைக்கும் பழைய ஃபிரிட்ஜ் விற்பனைக்கும் நடுவே நாலு வரி கண்ணில் பட்டது. மூன்றே நாளில் ஏபிஏ தெரபிஸ்ட் ஆகலாம், பிளஸ் டூ போதும், ஆட்டிசக் குழந்தைகளுக்கு வகுப்பெடுத்து வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம், வாழ்நாள் சான்றிதழ் உண்டு என்று போட்டிருந்தது. மூன்று நாள் என்பதுகூட எனக்குப் பெரிய அதிர்ச்சி இல்லை. எல்லோரும் எங்கேயாவது தொடங்கத்தான் வேண்டும். அந்த 'வாழ்நாள்' என்ற சொல்லைப் படித்துவிட்டுத்தான் கையிலிருந்த காபியை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏபிஏ என்பது பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வு. ஒரு குழந்தை ஏன் தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறது, அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, மோதிக்கொண்ட பிறகு அதற்கு என்ன கிடைத்தது என்று நாள்தோறும் குறித்துவைத்து, அதே தேவையை வலியில்லாத வழியில் கேட்டு வாங்கச் சொல்லிக்கொடுக்கும் வேலை. நான் மதுரையில் இதைச் செய்கிறேன். முதுகலை முடித்து, இதற்கான பாடங்களைத் தனியே ஆன்லைனில் படித்து, மேற்பார்வையில் 1500 மணி நேரம் வேலை பார்த்து, 2016இல் தேர்வு எழுதி பிசிபிஏ, அதாவது வாரியச் சான்று பெற்ற நடத்தைப் பகுப்பாய்வாளர் ஆனேன். இந்தச் சான்றிதழைத் தருவது பிஏசிபி என்ற அமெரிக்க வாரியம். 1998இல் தொடங்கப்பட்டது, கொலராடோ மாநிலத்தில் இருக்கிறது. நான் தேறிய அன்று அப்பா தெரு முழுக்க அல்வா கொடுத்தார். இந்தத் தேர்ச்சிக்கு ஆயுள் இரண்டு வருடம்தான் என்று அன்றைக்கு அவரிடம் சொல்ல மனம் வரவில்லை.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கு 32 தொடர்கல்வி அலகுகள் சேர்த்திருக்க வேண்டும். அதில் 4 தொழில் அறம் பற்றியவை. யாரையாவது மேற்பார்வை செய்கிறவராக இருந்தால் 3 அலகு மேற்பார்வை பற்றி. எங்களுக்கு ஒரு படி கீழே இருக்கும் பிசிஏபிஏ என்ற துணைப் பகுப்பாய்வாளருக்கு 20 அலகு. ஓர் அலகு 50 நிமிடம். கணக்குப் போட்டுப் பாருங்கள், எனக்கு வருவது 27 மணி நேரத்துக்கும் குறைவு. இரண்டு வருடத்தில் 27 மணி நேரம்! எங்கள் வீட்டில் ஒரு தீபாவளிக்குப் பலகாரம் சுட அதைவிடக் கூடுதலாகச் செலவாகிறது. இதைக் கஷ்டம் என்று நான் சொன்னால் நீங்கள் சிரிக்க வேண்டும்.

ஆனாலும் சொல்கிறேன், கஷ்டம்தான். நல்ல வகுப்புகள் பல அமெரிக்க நேரத்தில் நடக்கும். அங்கே கிழக்குக் கரையில் கோடைகாலத்து மாலை 5 மணி என்றால் இங்கே அதிகாலை 2.30. மாமியார் எழுந்து விளக்கைப் போட்டு, "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று கேட்டதுண்டு. கட்டணம் டாலரில். அப்புறம், வகுப்பு எல்லாமே உருப்படி என்றும் சொல்ல மாட்டேன். தொழில் அறம் என்ற தலைப்பைப் பார்த்துச் சேர்ந்த ஒன்றில், அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிக்கு பில் போடும்போது 97153 என்ற எண் எந்தச் சேவைக்கு, 97155 எந்தச் சேவைக்கு என்று விளக்கிக்கொண்டே இருந்தார்கள். மதுரையில் எனக்குக் காசு ஜிபேயில் வருகிறது, சில மாதம் வராமலும் இருக்கிறது. இன்னொன்றில் பேசியவர் கடைசியில் தன்னுடைய மென்பொருளை விற்றார். ஒலியை நிறுத்திவிட்டு சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டு 'கலந்துகொண்ட' வகுப்பும் உண்டு. ஐந்து கேள்விக்கு டிக் அடித்தால் சான்றிதழ் மின்னஞ்சலில் வந்துவிடும். ஆகவே, தொடர்கல்வி என்றாலே புனிதம் என்று வாதாட நான் வரவில்லை.

நான் எழுத வந்தது இரண்டு குழந்தைகளைப் பற்றி.

முதலாமவள் ஆறு வயதுப் பெண். 2017 என்று நினைவு. கண்ணைப் பார்த்துப் பேச வைப்பது அப்போது நான் வைத்த முதல் இலக்கு. எனக்குக் கற்றுக்கொடுத்தவர்களுக்கும் அதுதான் முதல் இலக்கு. ஒரு துண்டு முறுக்கை என் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு "என்னைப் பார்" என்பேன். பார்த்தால் முறுக்கு. ஒரு அமர்வில் நாற்பது, ஐம்பது முறை. வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அந்தக் குழந்தையின் அப்பத்தா ஒருநாள் சொன்னார்: "பெரியவுக மூஞ்சிய நேருக்கு நேரா பாக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் டீச்சர் நாங்க பிள்ளைகள வளத்தோம். நீங்க என்னடான்னா பாக்குறதுக்கு முறுக்கு குடுக்குறீக." நான் சிரித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். ஒரு வருடம் கழித்து, அலகுக்காகச் சேர்ந்த ஒரு வகுப்பில் ஆட்டிச நிலையில் உள்ள பெண் ஒருவர் பேசினார். சிறு வயதில் கண்ணைப் பார்க்கச் சொல்லி வற்புறுத்தியபோதெல்லாம் எதிரே இருந்தவர் பேசியது காதில் ஏறவே இல்லை என்றும், பார்ப்பதும் கேட்பதும் தனக்கு ஒரே நேரத்தில் முடியாது என்றும் சொன்னார். அன்று அதிகாலை மூன்றரைக்கு எனக்கு அப்பத்தாவின் ஞாபகம்தான் வந்தது. மறுவாரமே என்னிடம் வந்த எல்லாக் குழந்தைகளின் திட்டத்திலிருந்தும் அந்த இலக்கை நீக்கிவிட்டேன். அப்பத்தாவிடமும் போய்ச் சொன்னேன். "அதான் அப்பவே சொன்னேன்ல" என்றார். அவருக்கு யாரும் அலகு கொடுக்கவில்லை.

இரண்டாவது, எட்டு வயதுப் பையன். எழுத்து வேலை கொடுத்தால் மணிக்கட்டைக் கடித்துக்கொள்வான். வேலையிலிருந்து தப்பிக்கக் கடிக்கிறான், ஆகவே கடித்தாலும் விடாதே, முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும் என்பது நான் படித்த முறை. தப்பிக்கும் வழி அடைபட்டால் நடத்தை தானாகத் தேயும் என்பது அதன் கணக்கு. தேய்வதற்கு முன்னால் கொஞ்ச காலம் கூடும் என்றும் பாடத்தில் எழுதியிருக்கும். அந்தக் 'கொஞ்ச காலத்தில்' அவன் மணிக்கட்டில் தோல் தடித்துப்போனது. கிரெக் ஹேன்லி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வை ஒட்டி நடந்த பயிற்சியில்தான் வேறு வழியைப் பார்த்தேன். முதலில் 'வேண்டாம்' என்று கேட்கச் சொல்லிக்கொடு. கேட்டால் ஒவ்வொரு முறையும் உடனே நிறுத்து. கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கை வந்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகக் காத்திருக்கப் பழக்கு. 'வேண்டாம்' என்று எழுதிய அட்டை ஒன்றை அவன் கையில் கொடுத்தேன். முதல் வாரம் முழுக்க அட்டையை நீட்டிக்கொண்டே இருந்தான். ஒரு வரிகூட எழுதவில்லை. "காசு வாங்கிக்கிட்டு சும்மா உக்காந்திருக்கீங்களே" என்று அவன் அப்பா கேட்டது நியாயமான கேள்வி. நாலாவது மாதத்தில் ஒரு பக்கம் எழுதினான். என் அறைக்கு இழுத்துக்கொண்டு வரவேண்டியிருந்த பையன், செருப்பைக் கழற்றிவிட்டுத் தானாக உள்ளே வந்தான்.

அந்த ஆய்வு வெளியான பிறகுதான் நான் தேர்வே எழுதினேன். ஆனாலும் என் பாடத்தில் அது இல்லை. புதுப்பித்தல் என்ற கட்டாயம் இல்லாவிட்டால் இன்றைக்கும் அந்தப் பையனை நாற்காலியில் அழுத்தி உட்கார வைத்துக்கொண்டிருப்பேன். அதுவும் வாழ்நாள் முழுக்க, நல்ல மனசோடு.

இந்தத் துறையின் பழைய கதையை அறிந்தவர்களுக்கு இது புதிதில்லை. ஏபிஏவை ஆட்டிசத்தோடு சேர்த்துப் பிரபலமாக்கிய ஐவர் லோவாஸ் 1987இல் வெளியிட்ட ஆய்வில், 19 குழந்தைகளுக்கு வாரம் சுமார் 40 மணி நேரம் பயிற்சி கொடுத்து 9 பேர் பெரிதும் முன்னேறியதாக எழுதினார். "வாரம் 40 மணி நேரம்" என்று நம் ஊர் சென்டர்கள் சொல்வது அங்கிருந்து வந்தது. அதே ஆய்வில் தொடையில் அடிப்பதும் ஒரு முறையாக இருந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. மின்அதிர்ச்சி கொடுத்து நடத்தையை மாற்றுவதை ஏபிஏஐ என்ற, நடத்தைப் பகுப்பாய்வுக்கான சர்வதேச சங்கம் வெளிப்படையாக எதிர்த்துத் தீர்மானம் போட்டது 2022இல்தான். 2022! எங்கள் அறநெறித் தொகுப்பின் புதிய வடிவம் நடைமுறைக்கு வந்ததும் அதே வருடம் ஜனவரியில். 2010இல் வாங்கிய சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, பிறகு ஒன்றும் படிக்காதவருக்கு இதில் எது தெரிந்திருக்கும்?

இனி நம் ஊர் விஷயம். 2023 ஜனவரி முதல் பிஏசிபி அமைப்பு, அமெரிக்கா, கனடா போன்ற சில நாடுகளைத் தவிர மற்றவர்களிடமிருந்து புது விண்ணப்பம் வாங்குவதை நிறுத்திவிட்டது. முன்பே சான்றிதழ் வாங்கியவர்கள் புதுப்பித்துக்கொண்டே போகலாம். புதியவர்களுக்குக் கதவு அடைத்தாயிற்று. மூன்று வருடம் முன்பே அறிவித்தார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நடுவில் கொரோனா வந்து சென்டர்கள் மூடிக் கிடந்தன. என்னிடம் பயின்ற விருதுநகர்ப் பக்கத்துப் பெண், சுமார் 900 மணி நேரம் முடித்த நிலையில் நின்றுபோனாள். என்னைவிடக் கைப்பக்குவம் உள்ளவள். இப்போது ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறாள். வேறு சில சர்வதேச அமைப்புகள் சான்றிதழ் தருகின்றன. அதற்கும் டாலர்தான், ஆங்கிலம்தான்.

ஆர்சிஐ எனும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு வைத்திருக்கும் சிறப்பாசிரியர்களுக்குத் தொடர்கல்விப் புள்ளிகள் உண்டு. நடத்தைப் பகுப்பாய்வாளர் என்று அங்கே ஒரு பிரிவு கிடையாது. ஆக, இங்கே என் பெயர்ப்பலகையைக் கேள்வி கேட்க ஆளே இல்லை. என்னைத் தணிக்கை செய்யக்கூடியவர்கள் கடல் தாண்டி இருக்கிறார்கள். அந்த விளம்பரக்காரரைத் தணிக்கை செய்ய அங்கேயும் ஆள் இல்லை.

ஒரு வழி மட்டும் திறந்திருக்கிறது. 2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய இணைநிலை மற்றும் சுகாதாரப் பணியாளர் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில், நடத்தைசார் சுகாதாரப் பிரிவின் கீழ் நடத்தைப் பகுப்பாய்வாளர் என்ற பெயர் இருக்கிறது. என்னோடு வேலை செய்பவர்களிலேயே பலருக்கு இது தெரியாது. ஆணையமும் மாநில கவுன்சிலும் எங்களுக்கான விதிகளை எழுதும்போது, பதிவு செய்வதோடு நிறுத்தாமல் புதுப்பித்தலையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது என் கோரிக்கை. அமெரிக்காவின் 32ஐ அப்படியே நகலெடுக்க வேண்டியதில்லை. 20 வைத்தாலும் போதும். ஆனால் அதில் ஒரு பகுதியாவது ஒலியை நிறுத்திவிட்டுத் தாளிக்க முடியாததாக இருக்கட்டும். நான் ஒரு குழந்தையோடு வேலை செய்வதை இன்னொரு பகுப்பாய்வாளர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதிக் கொடுக்கும் இரண்டு மணி நேரம், பத்து வெபினாருக்குச் சமம். ஆட்டிச நிலையில் உள்ள பெரியவர்கள் எடுக்கும் வகுப்பு கட்டாயமாக இருக்கட்டும். வகுப்புகள் தமிழில் வேண்டும். சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிறுவனமே இருக்கிறது, இடத்துக்குப் பஞ்சமில்லை.

விளம்பரத்தில் இருந்த எண்ணுக்கு நானே போன் செய்தேன், பெற்றோர் போல. பாடம் எடுப்பவர் கடைசியாக எப்போது படித்தார் என்று கேட்டேன். "இதெல்லாம் ஒருதடவ படிச்சா போதும் மேடம், நீச்சல் மாதிரி" என்றார். எடுத்துக்காட்டு நன்றாகத்தான் இருந்தது. பெற்றோருக்கு ஒரு வார்த்தை: தெரபிஸ்ட்டிடம் எத்தனை வருட அனுபவம் என்று கேட்கிறீர்கள், போன வருடம் என்ன படித்தீர்கள், அதனால் எதை நிறுத்தினீர்கள் என்றும் கேளுங்கள். கோபப்பட்டால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

விளம்பரம் இல்லாமல் நாளிதழ் நடத்த முடியாது என்பது எனக்கும் தெரியும். அந்த நாலு வரியைப் போடவே கூடாது என்று கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு அது மறுபடி வந்தால், 'வாழ்நாள்' என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிட்டுப் போடும்படி உங்கள் விளம்பரப் பிரிவில் சொல்ல முடியுமா?

இப்படிக்கு,
வாசகி ஒருவர், மதுரை

(என் பெயரைப் போட வேண்டாம். பெயர் தெரிந்தால் அந்த இரண்டு குழந்தைகளும் யார் என்று எங்கள் பக்கத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.)