குளோனிங் ஜெராக்ஸ் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

குளோனிங்கை ‘நகலெடுப்பு’ என்றே எல்லாரும் எழுதுகிறார்கள். அது முழுக்கச் சரியல்ல. குளோனிங் முறையில் 1996-ல் பிறந்த டாலி என்ற செம்மறியாட்டின் உட்கரு டி.என்.ஏ. ஆறு வயது ஆட்டின் மடிச் செல்லிலிருந்து வந்தது; செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வோ கருமுட்டை தந்த வேறோர் ஆட்டினுடையது.

விஞ்ஞானிகள் மடிச் செல்லை வளர்க்கும் ஊட்டக் கரைசலில் சீரத்தை (இரத்தத் தெளிநீரை) 10 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைத்து, ஐந்து நாள் பட்டினி போட்டுச் செல் பிரியும் சுழற்சியை நிறுத்தினார்கள். பிறகு உட்கரு நீக்கிய கருமுட்டையோடு மின்துடிப்பால் இணைத்தார்கள். விந்தணு இல்லாததால் முட்டையைத் தூண்டிவிடுவதும் அதே மின்துடிப்புதான். இணைந்தவை 277, கருப்பைக்குப் போனவை 29, பிறந்தது ஒன்று.

சிக்கல் ஊசி முனையில், அதாவது உட்கருவை நீக்கும் கைவேலையில், இல்லை. மடிச் செல்லில் அணைந்துகிடக்கும் மரபணுக்களைக் கரு சில நாட்களுக்குள் விழிக்கவைக்க வேண்டும். செம்மறியாட்டில் 8 முதல் 16 செல் கட்டத்தில் கருவின் சொந்த மரபணுக்கள் முழுவீச்சில் இயங்கத் தொடங்கும். அதுவரை முட்டையின் சேமிப்பிலேயே பிழைப்பு. டி.என்.ஏ. மீதுள்ள பழைய மெத்தில் குறிகள் (மரபணுக்களை அணைத்துவைக்கும் வேதி ஒட்டுகள்) சரியாக அழியாவிட்டால் கரு அங்கேயே நின்றுபோகலாம். தப்பிக் கருப்பையில் பதிந்தாலும் நஞ்சுக்கொடி கோளாறாகிக் கலைவது அதிகம். சில குட்டிகள் அளவுக்கு மீறிப் பருத்துப் பிறக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு வாசகர்