நம் அணி இல்லாத செவ்வாய்க்கிழமை

கேரி, வட கரோலினா
மார்ச் 11, 2025

கண்ணா,

ஞாயிற்றுக்கிழமை போனில், தோற்ற அணிக்கும் போட்டியில் இடம் வேண்டுமா என்று பேசியது பாதியில் நின்றுவிட்டது. உன் வாசலில் யாரோ வந்துவிட்டார்கள், எனக்கும் குரல் உயர்ந்துவிட்டது. அன்று சொல்ல வந்ததில் பாதிகூட நான் சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

இன்று மதியம் சார்லட்டில் ஏசிசி போட்டி, அதாவது நம் என்சி ஸ்டேட் கல்லூரி இருக்கும் கூடைப்பந்து லீகின் கோப்பைப் போட்டி, தொடங்கிவிட்டது. டிவியைப் போட்டு உட்கார்ந்தேன். "நம்ம டீமே இல்லையே, எதுக்குப் பார்க்கிற?" என்று அப்பா கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. போன வருஷம் இதே செவ்வாய்க்கிழமை சோபாவின் அந்த ஓரத்தில் நீ, இந்த ஓரத்தில் நான். லூயிவில்லோடு முதல் ஆட்டம். அதற்கு முன் வரிசையாக நான்கு ஆட்டம் தோற்றிருந்தோம். 17 வெற்றி, 14 தோல்வி. பதினைந்து அணிகளில் பத்தாவது இடம். "ஒரு ஆட்டம் பார்த்துட்டு நான் படிக்கப் போறேன்மா" என்று சொல்லிவிட்டுத்தான் நீ உட்கார்ந்தாய்.

அந்த வாரம் நீ படிக்கவே இல்லை. புதன் சிரக்யூஸ், வியாழன் டியூக், வெள்ளி வர்ஜீனியா, சனி நார்த் கரோலினா. ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் ஜெயித்துக் கோப்பை. ஏசிசியில் அதற்கு முன் யாரும் அப்படிச் செய்ததில்லை. நமக்கு 1987-க்குப் பிறகு கிடைத்த முதல் கோப்பை அது.

இந்த வருஷம் மொத்தம் 12 வெற்றி, 19 தோல்வி. ஏசிசிக்குள் 5-க்கு 15. அதோடு, கால் வைக்கவே இடம் இல்லை. ஸ்டான்ஃபோர்ட், கலிபோர்னியா, எஸ்எம்யூ மூன்றும் சேர்ந்து ஏசிசி 18 அணி ஆனதும், போட்டிக்கு 15 அணி போதும் என்று முடிவு செய்துவிட்டார்கள். வெளியே நிற்கும் மூன்றில் நாம் ஒன்று. போன வருஷச் சாம்பியன் நாம். பயிற்சியாளர் கீட்ஸையும் ஞாயிறன்று அனுப்பிவிட்டார்கள். அதே ஞாயிறு கிரீன்ஸ்போரோவில் நம் பெண்கள் அணியும் இறுதி ஆட்டத்தில் டியூக்கிடம் தோற்றது. அன்றைக்கு வீட்டில் யாருக்கும் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

நீ சொன்னதை முதலில் அப்படியே எழுதிவிடுகிறேன், நான் திரித்தேன் என்று சொல்லிவிடாதே. "15 ஆட்டம் தோத்த டீமுக்கு அங்க என்னம்மா வேலை? மூணு டீமை வெளிய விட்டது சரிதான். இன்னும் சொல்லப்போனா, போன வருஷம் நமக்கு அடிச்சது அதிர்ஷ்டம். நவம்பர்லேர்ந்து ஒழுங்கா ஆடினவனுக்குத்தான் மார்ச்சில் இடம் கொடுக்கணும்." இவ்வளவுதானே? அப்புறம் என்ஐடி, அதுதான் என்சிஏஏ என்ற பெரிய போட்டியில் இடம் கிடைக்காதவர்கள் ஆடும் போட்டி, அதைப் பற்றியும் ஒன்று சொன்னாய். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் அதிர்ஷ்டம். நீ மனதில் வைத்துச் சொன்னது அந்த வெள்ளிக்கிழமை ராத்திரியைத்தான், எனக்குத் தெரியும். வர்ஜீனியா மூன்று புள்ளி முன்னால். கடிகாரத்தில் ஐந்து வினாடி சொச்சம். அவர்கள் பையன் மெக்நீலி ப்ரீ த்ரோ கோட்டில், யாரும் தடுக்காமல் எறிய நிற்கிறான். ஒன்-அண்ட்-ஒன் என்பதால் முதலாவது விழுந்தால்தான் இரண்டாவது கிடைக்கும். விழவில்லை. பந்தை எடுத்துக்கொண்டு நம் ஓ'கானல் ஓடி வந்து மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தான். பலகையில் பட்டு உள்ளே போனது. 58-58. சமன் ஆனதால் கூடுதல் நேரம், அந்த ஓவர்டைமில் 73-65 என்று ஜெயித்தோம். நீ எழுந்து சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாய், அந்த எறிதலை நேரில் பார்க்கவே இல்லை. நான் கத்தியதைக் கேட்டுத்தான் திரும்பினாய்.

அந்த ஒரு பந்து அதிர்ஷ்டம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் கோயம்புத்தூரில் பள்ளிக்கூட டீமில் ஆடினவள். அந்தக் கோட்டில் கடைசி நிமிஷத்தில் நின்றிருக்கிறேன். கை கனத்துப் போகும், மூச்சு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அந்த நேரத்தில் எதிரணிப் பையன் தவறவிட்டதும் நம் பையன்கள் தலையைத் தொங்கப் போடாமல் பந்துக்கு ஓடினார்களே, அது அதிர்ஷ்டத்தில் சேராது. நான்காவது நாள் நான்காவது ஆட்டம், அதில் அப்படி ஓடினார்கள். நம் தியாரா அப்போது ரமலான் நோன்பில் இருந்தான். மறுநாள் நார்த் கரோலினாவை 84-76 என்று ஜெயித்ததில் ஒரு சந்தேகமும் இல்லை. அதன் பிறகு என்சிஏஏவில், அதாவது நாடு முழுவதுக்குமான கல்லூரிப் போட்டியில், டெக்சாஸ் டெக், ஓக்லண்ட், மார்கெட், திரும்பவும் டியூக். ஒன்பது ஆட்டம் தொடர்ந்து அதிர்ஷ்டம் வருமா? நம் பர்ன்ஸ் முதுகைக் காட்டி, தோளால் மெல்ல இடித்து இடித்து உள்ளே போய் இடது கையால் போடுவானே, அதை டல்லாஸில் டியூக்கால் கடைசி வரை நிறுத்த முடியவில்லை. அன்று அவனுக்கு 29 புள்ளி. பர்டியூவிடம் 63-50 என்று தோற்றபோதுகூட நம்மை யாரும் ஏமாற்றவில்லை, அவர்கள் நன்றாக ஆடினார்கள்.

அவ்வளவும் ஒரே ஒரு கதவு திறந்திருந்ததால் நடந்தது. ஏசிசி போட்டியை ஜெயித்தவருக்கு என்சிஏஏவின் 68 இடங்களில் ஓர் இடம் நிச்சயம், யாரும் கேள்வி கேட்க முடியாது. மீதி இடங்களுக்கு அணிகளைப் பொறுக்கும் தேர்வுக் குழு நம் கணக்கைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருக்கும்? நெட் தரவரிசை, குவாட்-1 வெற்றி (பலமான அணிகளை ஜெயித்தது) என்று நீ எனக்குக் கற்றுக்கொடுத்த கணக்குகள் எல்லாமே நமக்கு எதிராகத்தான் இருந்தன. பக்கத்து வீட்டில் எல்லோரும் கரோலினா ரசிகர்கள் அல்லவா, இப்போது அவர்கள் அந்தக் கணக்கில்தான் தூக்கம் கெட்டுக் கிடக்கிறார்கள். குவாட்-1-இல் ஒரே ஒரு வெற்றி வைத்துக்கொண்டு உள்ளேயா வெளியேயா என்று தினமும் வேலி ஓரத்தில் அப்பாவோடு வாதம். போன வருஷம் நம் பையன்கள் யார் கணக்குக்கும் காத்திருக்கவில்லை.

இந்தக் கதவை முதலில் திறந்து வைத்தது நம் கல்லூரிதான் என்பது உனக்கு நினைவிருக்கிறதா? எவரெட் கேஸ் 1946-இல் இந்தியானாவிலிருந்து இங்கே பயிற்சியாளராக வந்தார். இந்தியானாவில் அப்போது பள்ளிக்கூட மாநிலப் போட்டி ஒன்றே ஒன்றுதான், பெரிய பள்ளி சின்னப் பள்ளி எல்லாம் அதிலேயே மோத வேண்டும். 1954-இல் 161 பிள்ளைகள் படித்த மைலன் என்ற ஊர்ப் பள்ளி அதை 32-30 என்று ஜெயித்தது. அதே 1954 மார்ச்சில்தான் முதல் ஏசிசி போட்டி, நம் ரெனால்ட்ஸ் அரங்கத்தில். வேக் ஃபாரஸ்டை ஓவர்டைமில் 82-80 என்று ஜெயித்துக் கேஸின் அணிதான் முதல் கோப்பையை வாங்கியது. 1966 வரை அந்தப் போட்டி ரெனால்ட்ஸை விட்டு நகரவில்லை. ஜெயித்ததும் ஏணி வைத்து வலையை வெட்டி எடுக்கிறார்களே, அந்த வழக்கத்தைக் கல்லூரி ஆட்டத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே. அப்படிப்பட்ட போட்டியில் இன்று நமக்கு இடம் இல்லை என்பதுதான் என் வயிற்றில் புரள்கிறது. ஒழுங்காக ஆடாததற்கு முதல் நாளே ஆட வை, பலமான அணியோடு மோத விடு, ஐந்து நாள் ஓய்வில்லாமல் ஓட விடு. அது போதாதா தண்டனை? உள்ளேயே விடாமல் நிறுத்துவது வேறு. அந்த 18-உம் ஆட ஒரு நாள் கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான்.

1983-இலும் இப்படித்தான். அப்போதைய நம் பயிற்சியாளர் வால்வானோவின் பையன்கள் பத்து ஆட்டம் தோற்றுவிட்டு ஏசிசி போட்டிக்கு அட்லாண்டாவுக்குப் போனார்கள். வேக் ஃபாரஸ்டை ஒரே ஒரு புள்ளியில், கரோலினாவை ஓவர்டைமில், அப்புறம் சாம்ப்சன் இருந்த வர்ஜீனியாவை. அந்தக் கோப்பையோடுதான் என்சிஏஏவுக்குள் நுழைந்தார்கள். கடைசியில் ஹூஸ்டனை 54-52. இதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உன் அறைச் சுவரில் அந்தப் படம் இன்னும் இருக்கிறது. நான் எடுக்கவில்லை.

சரி, உன் பக்கத்து நியாயத்துக்கும் வருகிறேன். நீ சொன்னதில் ஒன்று என்னை உண்மையாகவே உறுத்தியது. "நாம உள்ள போனதால யாரோ ஒருத்தன் வெளிய போனான்மா." ஞாயிறு ராத்திரி அதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். போன வருஷம் இந்தியானா ஸ்டேட் 28 வெற்றி, 6 தோல்வி. நவம்பரிலிருந்து ஒழுங்காக ஆடினார்கள், நீ சொன்ன மாதிரியே. கண்ணாடி போட்ட அந்த அவிலா பையன் ஆடுவதை நீதான் எனக்குக் காட்டினாய். தங்கள் லீகின் இறுதி ஆட்டத்தில் டிரேக்கிடம் 84-80 என்று தோற்றார்கள். அந்த ஒரு மதியத்துக்காக அவர்களை வெளியே விட்டுவிட்டார்கள். நாம் ஜெயிக்காமல் இருந்திருந்தால் வெளியே நின்ற யாரோ ஒருவருக்கு இடம் கிடைத்திருக்கும், அது அவர்களாகவும் இருந்திருக்கலாம். இது எனக்கு வருத்தம்தான். நம் பையன்கள் தப்பு செய்யவில்லை, ஆனாலும் வருத்தம்தான்.

ஆனால் அதற்கப்புறம் நடந்ததைப் பார். மயிரிழையில் வெளியே நின்றவை நான்கு அணிகள்: ஓக்லஹோமா, சீட்டன் ஹால், இந்தியானா ஸ்டேட், பிட்ஸ்பர்க். நான்குக்கும் என்ஐடி இருந்தது. ஓக்லஹோமாவும் பிட்ஸ்பர்க்கும் வேண்டாம் என்று வீட்டுக்குப் போய்விட்டன. சீட்டன் ஹாலும் இந்தியானா ஸ்டேட்டும் போய் ஆடின. ஆடி ஆடி, கடைசியில் இண்டியானாபோலிஸில் அந்தப் பழைய ஹிங்கிள் அரங்கத்தில் இறுதி ஆட்டத்தில் ஒன்றையொன்று சந்தித்தன. 79-77, சீட்டன் ஹால். அன்று நீ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய், நான் மட்டும்தான் பார்த்தேன். தோற்ற பையன்கள் அழுததைப் பார்த்தால் அது ஒன்றுக்கும் உதவாத போட்டி என்று உனக்குச் சொல்ல மனம் வராது.

நீ சொன்னது இதுதானே: "என்ஐடிக்குப் போறதுக்கு வீட்டிலேயே இருக்கலாம்." எனக்கு இதில்தான் கோபம் வந்தது. என்ஐடி 1938-இல் தொடங்கியது, என்சிஏஏ போட்டியைவிட ஒரு வயது மூத்தது. 1970-இல் மார்கெட் என்சிஏஏ அழைப்பை விட்டுவிட்டு அதற்குப் போய் ஜெயித்தது. அது பழைய காலம், இப்போது அந்த மதிப்பு இல்லை என்பாய். தெரியும். 1974 ஏசிசி இறுதி ஆட்டத்தில் நம்மிடம் ஓவர்டைமில் 103-100 என்று தோற்ற மேரிலாந்தும் அப்படித்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு என்ஐடிக்குப் போகவில்லை. நாட்டிலேயே மிகச் சிறந்த நான்கைந்து அணிகளில் ஒன்று அது. என்சிஏஏவில் ஒரு லீகுக்கு ஓர் இடம்தான் என்ற விதியால் வெளியே நின்றது. அவர்கள் மனக்கசப்பு எனக்குப் புரிகிறது. அடுத்த வருஷமே 32 அணி என்று ஆக்கி, ஒரு லீகிலிருந்து இன்னொரு அணியும் வரலாம் என்று மாற்றினார்கள். ஆனால் அந்த மேரிலாந்துப் பையன்கள் ஒன்றாக இன்னும் நான்கு ஆட்டம் ஆடியிருக்கலாம் அல்லவா? கடைசி வருஷப் பையனுக்கு அந்தச் சட்டையைப் போட்டுக்கொள்ள இன்னொரு ராத்திரி. என் பள்ளிக்கூட டீமின் கடைசி ஆட்டம் எது என்று ஆடும்போது எங்களுக்குத் தெரியாது. இன்னொரு ஆட்டம் இருக்கிறது வா என்று யாராவது கூப்பிட்டிருந்தால் எங்கே என்றுகூடக் கேட்டிருக்க மாட்டேன்.

இந்த வருஷம் நமக்கு அந்தக் கவலையும் இல்லை. புதிய பயிற்சியாளர் யார் வருவார், யார் யார் வேறு கல்லூரிக்கு மாறிப் போவார்கள் என்பதுதான் இப்போது இங்கே பேச்சு. அதைப் பற்றி எனக்குப் பெரிதாக அபிப்பிராயம் இல்லை. கீட்ஸ் போனது தவிர்க்க முடியாததுதான், ஆனால் அந்த ஐந்து நாளை நமக்குத் தந்தவர் அவர். அதை நன்றியோடு நினைக்கிறேன்.

போன வருஷம் மார்ச் 31 ஞாயிறு நினைவிருக்கிறதா? பெண்கள் அணி போர்ட்லேண்டில் டெக்சாஸை ஜெயித்து ஃபைனல் ஃபோருக்கு, கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக, போனது, அதே நாள் டல்லாஸில் பையன்கள். நீ நம் கல்லூரி மணிக்கூண்டு சிவப்பு விளக்கில் நிற்பதைப் பார்க்க ஹில்ஸ்பரோ தெருவுக்கு ஓடினாய். திரும்பி வந்தபோது உன் குரலே இல்லை. சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன், அதைக் குடித்துக்கொண்டே ஒவ்வொரு ஆட்டத்தையும் முதலிலிருந்து சொன்னாய், நான் உன் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்த ஆட்டங்களையும் சேர்த்து.

வருகிற ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்குப் பெண்கள் என்சிஏஏ பிராக்கெட், அதாவது யார் யாரோடு ஆடுவது என்ற பட்டியல், அறிவிப்பு. உனக்குச் சியாட்டிலில் சாயங்காலம் ஐந்து. முதல் பதினாறு அணிகள் முதல் இரண்டு சுற்றைச் சொந்த அரங்கத்திலேயே ஆடும். டியூக்கிடம் தோற்றாலும் நம் பெண்கள் அதற்குள் வந்துவிடுவார்கள் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அப்படி வந்தால் 21 அல்லது 22-ஆம் தேதி ஆட்டம் ரெனால்ட்ஸில், கேஸ் வலையை வெட்டிய அதே கட்டடத்தில். அறிவித்த உடனே டிக்கெட் எடுத்துவிடுவேன். அப்பா வருகிறேன் என்கிறார். இரண்டா, மூன்றா என்று ஞாயிறுக்குள் சொல். விமான டிக்கெட்டுக்குப் பணம் நான் போடுகிறேன், மறுக்காதே.

அன்புடன்,
அம்மா