காய்ச்சல் நாளுக்கும் கூலி வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மலையில் மறுபடியும் காய்ச்சல், இருமல். “வீரியம் குறைந்த வைரஸ்தான், பீதி வேண்டாம், உடம்பு சரியில்லாதவர்கள் வீட்டில் ஓய்வெடுங்கள்” என்று நாளிதழ்களில் வருகிறது. பீதி இங்கே யாருக்கும் இல்லை. ஓய்வுதான் இல்லை. கோத்தகிரியில் மருந்துக்கடை வைத்திருப்பவன் என்ற முறையில் அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

காலையில் கடை திறந்ததும் வருகிறவர்கள் பெரும்பாலும் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள். “அண்ணா, காய்ச்சல், உடம்பு வலிக்கு ரெண்டு வேளைக்குக் குடுங்க” என்பார்கள். தமிழ் வராத ஜார்க்கண்ட் பிள்ளைகள் நெற்றியைத் தொட்டுக் காட்டி “டோலோ” என்பார்கள். ஒரு மாத்திரையை அங்கேயே விழுங்கிவிட்டு, வாசலில் உறுமிக்கொண்டிருக்கும் பிக்கப் வண்டியில் ஏறிக்கொள்வார்கள். மழைக்கும் குளிருக்கும் பயந்து தார்ப்பாயை நாலு பக்கமும் இறக்கிக் கட்டியிருக்கும். உள்ளே முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். மாத்திரை காய்ச்சலைத்தான் இறக்கும். இருமும்போது வெளியே வருவதை அது ஒன்றும் செய்யாது. இரண்டு மூன்று நாளில் அதே வண்டியிலிருந்து இன்னும் நாலு பேர் இறங்கிக் கடைக்கு வருவார்கள். (சிலர் அசித்ரோமைசின் கேட்பார்கள். அது பாக்டீரியாவுக்கு, வைரஸுக்கு வேலை செய்யாது, டாக்டர் சீட்டும் வேண்டும் என்று சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த கடைக்குப் போவார்கள்.)

கொரோனா முடிந்த கதை என்று நினைத்துவிட்டோம். கடை மேஜையில் அப்போது மாட்டிய பிளாஸ்டிக் தடுப்பில் இன்று ஷாம்பு சரம் தொங்குகிறது. 2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் விலக்கிக்கொண்டது அவசரநிலையை மட்டும்தான். 2021 கோடையில் கொரோனாவின் டெல்டா உருமாற்றம் படுத்தியது. அந்த நவம்பரில் ஒமிக்ரான். 2023 கடைசியில் பேசப்பட்ட ஜேஎன்.1, 2025-ல் வந்த என்பி.1.8.1 எல்லாம் ஒமிக்ரானின் வம்சம். நம் செல்லில் ஒட்டிக்கொள்ளும் முள்புரதத்தை வைரஸ் மாற்றிக்கொண்டே இருக்கிறது. முன்பு வந்துபோன காய்ச்சலிலோ தடுப்பூசியிலோ கிடைத்த எதிர்ப்பு சக்திக்குப் புது வேஷம் சரியாகப் பிடிபடுவதில்லை; நாளாக ஆக அந்தச் சக்தியும் குறைகிறது. உயிருக்கு ஆபத்து வராமல் அது பெரும்பாலும் காக்கிறது, தொற்றாமல் காப்பதில்லை. வீட்டில் இருக்கும் சர்க்கரைக்கார மாமியாருக்கு அந்தப் ‘பெரும்பாலும்’ போதாது. இன்ஃப்ளூயன்சாவும் இதே ரகம்தான்.

ஆக, இது திரும்பத் திரும்ப வரத்தான் போகிறது. ஒவ்வொரு முறையும் ஓய்வெடுக்கச் சொல்கிறவர்கள், அன்றைய கூலியை யார் தருவது என்பதையும் சொல்ல வேண்டாமா?

1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் நோய்க்கால உதவித்தொகைக்கு வழி செய்தது. ஆனால் அது கணக்கில் எடுத்தது ஐந்து ஹெக்டேரும் பதினைந்து ஆட்களுமாவது உள்ள தோட்டங்களை. ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயியிடம் நாள்கூலிக்கோ கிலோ கணக்கிலோ பறிக்கிறவர்களுக்கு ஒன்றும் இல்லை. அந்த விவசாயியிடம் கேட்கவும் மனசு வராது. பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியான விலை கேட்டு அவரே ஆண்டுக்கணக்கில் போராடிக்கொண்டிருக்கிறார்.

கொழுந்து எப்படியும் தொழிற்சாலையில் எடை போடப்படுகிறது. கிலோவுக்குச் சில காசு தொழிற்சாலையும், அதே அளவு அரசும் போட்டு ஒரு நிதி வைக்கட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஓ.பி. சீட்டைக் காட்டுகிறவருக்கு இரண்டு நாள் கூலி கொடுக்கலாம். பொய்க் காய்ச்சல் பெருகும் என்பார்கள். பெருகட்டுமே. நாலு பேர் ஏமாற்றுவதைவிட ஒரு வண்டி ஆட்கள் சேர்ந்து படுப்பதில்தான் நஷ்டம் அதிகம்; பறிக்க ஆளில்லாமல் முற்றிப்போன இலைக்கு என்ன விலை என்று தொழிற்சாலைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லா இடத்திலும் உடனே முடியாதென்றால், அடுத்த தென்மேற்குப் பருவமழைக்கு முன்பாகக் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளில் மட்டுமாவது தொடங்கிப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
மருந்துக்கடைக்காரர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.