அந்த காக்பிட்டை ஒரு நாள் திறந்து காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் பொழுதுபோக்குப் பக்கத்தில் மாதிரி விமானங்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் இனிமேல் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வரைந்து 3டி பிரிண்டரில் எடுத்துவிடலாம், கையால் செதுக்கிக்கொண்டிருப்பது நேர விரயம் என்று போகிற போக்கில் ஒரு கருத்து அதில் விழுந்திருக்கிறது. அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், இடம் போதாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள், கடைசியில் உள்ள கோரிக்கையை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

நான் சேலம் அஸ்தம்பட்டி பக்கம் சின்னதாக ஒரு பல் லேப் நடத்துகிறேன். டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள், நான் பல் செட், கேப், பிரிட்ஜ் எல்லாம் செய்து திருப்பி அனுப்புவேன். 22 வருடத் தொழில். பிரிண்டர் என் லேப்பிலும் இருக்கிறது, அதற்கு இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறேன், ஆகவே நான் அதற்கு எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். ராத்திரி ஷட்டரை இறக்கிய பிறகு அதே மேசையில், அதே விளக்கில் விமானம் செய்கிறேன். முழு விமானம் இல்லை, காக்பிட் மட்டும். விமானி உட்காருகிற அந்தக் குழி, அதற்குள் இருக்கிற இருக்கை, டயல், நெம்புகோல், சுவிட்ச்.

இப்போது கையில் இருப்பது மாருத். இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் (எச்.ஏ.எல்.) தயாரித்த எச்.எஃப்.-24, நம் நாட்டிலேயே உருவான முதல் ஜெட் போர் விமானம், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் ஃபோக்கவுல்ஃப் 190-ஐ வடிவமைத்த குர்ட் டாங்க் இந்தியாவுக்கு வந்து தலைமையேற்று வடிவமைத்தது. 1961 ஜூன் 17-ல் முதலில் பறந்தது, மொத்தம் 147 செய்தார்கள், 1971 போரில் ராஜஸ்தான் பக்கம் நன்றாகவே வேலை செய்தது. பெங்களூருவில் இருக்கும் நண்பர் ஒருவர் 48-ல் 1 அளவில் அதன் உடம்பை மரத்தில் செதுக்கி, அதன் மேல் பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி இழுத்து இரண்டு பாதியாக ஓடு எடுக்கிறார். காக்பிட் என் பொறுப்பு. நான் ஒன்று செய்தால் போதும், அதிலிருந்து ரெசினில், அதாவது ஊற்றினால் இறுகிப் பிளாஸ்டிக் ஆகிற திரவத்தில், வார்த்து இந்த மாடல் செய்கிற ஏழெட்டுப் பேருக்கும் கொடுத்துவிடலாம் என்பது ஏற்பாடு.

அந்த முதல் உருப்படியைத்தான் மாஸ்டர் என்கிறோம். அதன் மேல் சிலிக்கோன் ரப்பர் ஊற்றி அச்சு எடுத்து, அச்சுக்குள் ரெசின் ஊற்றினால் பிள்ளைகள் வரிசையாகப் பிறக்கும். தாய்க்கு ஒரு கீறல் இருந்தால் அத்தனை பிள்ளைக்கும் அதே கீறல். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் காஸ்டிங் செய்கிற வெள்ளிப் பட்டறைக்காரர்களைக் கேளுங்கள், ரப்பர் அச்சில் மெழுகு ஏற்றி வார்க்கிறவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். மாஸ்டர் வெட்டுகிறவர் கையில்தான் மொத்த சரக்கும் இருக்கிறது.

அளவு விஷயத்தில்தான் முதலில் தலை சுற்றும். ஓடு 1 மி.மீ. தடிமன் என்றால் நிஜத்தில் அது 48 மி.மீ., கிட்டத்தட்ட இரண்டு அங்குலச் சுவர். அப்படி ஒரு சுவர் எந்த விமானத்திலும் கிடையாது. அதனால் காக்பிட் வருகிற இடத்தில் ஓட்டின் உள்பக்கத்தைச் சுரண்டிக்கொண்டே போக வேண்டும், விளக்குக்கு எதிரே பிடித்தால் வெளிச்சம் ஊடுருவுகிற வரைக்கும். அப்படியும் பக்கச் சுவரை நிஜ அளவைவிட ஒரு மயிரிழை உள்ளே தள்ளித்தான் வைக்க முடியும், ஆனால் கண்ணுக்கு அது தெரியக் கூடாது.

டயல்களுக்கு வருவோம். விமானங்களில் பெரிய டயல்களுக்குப் பரவலாகப் புழங்குகிற அளவு ஒன்று உண்டு, மூன்றே அரைக்கால் அங்குலம், அதாவது 80 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. 48-ஆல் வகுத்தால் 1.65 மி.மீ. வெளிநாட்டில் இப்படிப் பொடி வட்டம் வெட்டுவதற்கென்றே பஞ்ச் செட் விற்கிறார்கள், விலையைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். பிறகு ஒரு நாள் தோன்றியது, 14 கேஜ் ஊசியின் துளை 1.6 மி.மீ. தானே! முனையைச் சப்பையாகத் தேய்த்து, வெளி ஓரத்தைக் கூராக்கி, கால் மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தாளில் வைத்து ஓர் அழுத்து, பின்னாலிருந்து கம்பியால் ஒரு தள்ளு, வட்டமாக ஒரு பொட்டு வந்து விழுகிறது. அந்தப் பொட்டைச் சுற்றி வளையம் வேண்டும், இல்லையென்றால் பெயின்ட் அடிக்கிறவருக்குத் தூரிகை எங்கே நிற்பது என்று தெரியாது. மோட்டார் காயில் கட்டுகிற கடையில் கெஞ்சி வாங்கிய செப்புக் கம்பியை டிரில் பிட் தண்டில் ஸ்பிரிங் மாதிரி சுற்றி, நீளவாக்கில் ஒரு வெட்டு வெட்டினால் வளையங்கள் உதிரும். பாதி தரையில் தொலைந்துவிடும். மனைவி காலையில் பெருக்கும்போது ஒன்றிரண்டு கிடைக்கும்.

இருக்கைதான் எனக்குப் பிடித்த பகுதி. மார்ட்டின் பேக்கர் கம்பெனியின் எஜெக்‌ஷன் இருக்கை, அந்தக் காலத்து இருக்கைகளில் தலைக்கு மேல் மஞ்சள் கறுப்பு வரி போட்ட பிடி இருக்கும், அதை இழுத்தால் முகத்திரையோடு இறங்கி ஆளை வெளியே தூக்கி எறியும். அதன் பெல்ட்டுகளை எதில் செய்வது? பிளாஸ்டிக் மடங்காது, காகிதம் பிசிறடிக்கும். பழைய பல் எக்ஸ்ரே ஃபிலிம் பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே மெல்லிய ஈயத்தாள் ஒன்று இருக்கும் பாருங்கள், அதைப் போல ஒரு சாமான் கிடையாது. சொன்ன இடத்தில் மடங்கும், இருக்கையின் மேல் துணி மாதிரியே சரிந்து படுக்கும். இப்போது கிளினிக்குகளில் டிஜிட்டல் எக்ஸ்ரே வந்துவிட்டதால் அந்தப் பொட்டலமே அரிதாகிவிட்டது, தெரிந்த டாக்டர்களிடம் சொல்லிவைத்துச் சேர்த்து வைத்திருக்கிறேன். ஈயம் தொட்டால் சோறு தொடுவதற்கு முன் கையை நன்றாகக் கழுவ வேண்டும், அது தனி.

இப்படி நான்கு மாதம் போயிற்று.

அச்சு எடுப்பதில் பல் லேப்காரனுக்கு ஒரு வசதி உண்டு என்று எனக்குள் ஒரு கர்வம் இருந்தது. அண்டர்கட் என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உள்வாங்கிப் போகிற குழிவு எங்கே இருக்கிறதோ அங்கே அச்சு மாட்டிக்கொள்ளும், பல் செட்டானாலும் காக்பிட்டானாலும் ஒன்றுதான், ஆகவே மாஸ்டர் செய்யும்போதே பக்கவாட்டுப் பெட்டிகளின் அடியை அடைத்துவிட்டேன். பிளாட்டினம் வகை சிலிக்கோன், லேடெக்ஸ் கையுறை பட்டால் சரியாக இறுகாது என்பதும் தெரியும், எங்கள் தொழிலில் அளவெடுக்கிற சாமானும் அதே ஜாதி. சரி, எல்லாம் தெரியும் என்று ஸ்டேஷனரி கடையில் பிள்ளைகள் விளையாடுகிற களிமண் வாங்கிவந்து, மாஸ்டரை அதில் பாதி புதைத்து, மேலே சிலிக்கோனை ஊற்றிவிட்டுத் தூங்கப் போனேன். சில களிமண்ணில் கந்தகம் இருக்கும், கந்தகமும் அந்த சிலிக்கோனுக்கு ஆகாது. காலையில் பார்த்தால் நான்கு மாத உழைப்பு மேல் அல்வா மாதிரி பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைச் சுரண்டி எடுக்க மூன்று ராத்திரி, போன நெம்புகோல்களைத் திரும்பச் செய்ய இன்னும் இரண்டு வாரம். கையுறை விஷயம் தெரிந்த எனக்கு களிமண் விஷயம் தெரியவில்லை!

வார்ப்பிலும் ஒரு கூத்து. மே மாத சேலம் வெயிலில் ரெசின் இரண்டு பாகத்தையும் கலந்து ஊற்றுவதற்குள் கப்பிலேயே கட்டியாகிவிடுகிறது. புத்திசாலித்தனமாக ஏற்காட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன், தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் குளிரக் குளிர ஊற்றலாம் என்று. 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் கோடை மழை, ஜன்னல் வழியாக மேகம் வீட்டுக்குள் நடந்து வருகிறது. பாலியூரித்தேன் ரெசினுக்கு ஈரம் சத்துரு, தண்ணீரோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு கிளம்பும். டப்பாவைத் திறந்து கொஞ்ச நேரத்தில் இட்லி மாவு மாதிரி பொங்கி, என் மாருத் காக்பிட் ரவா இட்லி போல வெளியே வந்தது. கடைசியில் லேப்பிலேயே விடிகாலை 5 மணிக்கு ஊற்றி, அச்சோடு அழுத்தப் பானைக்குள் வைத்து 40 பிஎஸ்ஐ ஏற்றிய பிறகுதான் குமிழி இல்லாமல் வந்தது. அக்ரிலிக் வேலைக்கு லேப்பில் இருக்கும் பானை அந்த அழுத்தத்தைத் தாங்குமா என்று பார்த்துத்தான் ஏற்றினேன். இதைப் படித்துவிட்டு யாரும் சமையல் குக்கரில் கம்ப்ரஸரை மாட்ட வேண்டாம், அது சாதாரணமாக 15 பிஎஸ்ஐ அளவில் வேலை செய்கிற பாத்திரம்.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், இதெல்லாம் எனக்குப் பெரிய கஷ்டமே இல்லை. தப்புச் செய்தால் திருத்திக்கொள்ளலாம். பெரிய கஷ்டம் வேறு: உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது.

லேப்பில் பிரிண்டர் அருமையாக வேலை செய்கிறது, ஏனென்றால் அங்கே ஒரு வாய் இருக்கிறது, டாக்டர் அதை ஸ்கேன் செய்து அனுப்புகிறார். மாருத் வாயைத் திறக்காத பேஷண்ட். பெங்களூருவில் எச்.ஏ.எல். அருங்காட்சியகத்தில் ஒன்று நிற்கிறது, விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்தில் ஒன்று நிற்கிறது, ஆனால் பார்வையாளன் கீழே நின்று வயிற்றைத்தான் பார்க்க முடியும். கையால் செதுக்கினாலும் கம்ப்யூட்டரில் வரைந்தாலும், பார்க்காததை எப்படிச் செய்வது? இணையத்தில் கிடைக்கிற நாலைந்து படத்தை வைத்து, ஒரு டயலை 80 மி.மீ. என்று பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் கணக்குப் போட்டேன். படம் சாய்வாக எடுத்திருந்தால் கணக்கும் சாய்ந்துவிடும். வேறோர் ஊரில் பீடத்தில் நிற்கிற பழைய விமானம் ஒன்றின் பக்கத்தில் ஏணி போட அனுமதி கேட்டு மூன்று கடிதம் எழுதினேன், பதில் இல்லை. நேரில் போனேன், வாட்ச்மேன் என்னைப் பார்த்த பார்வையில் திரும்பி வந்துவிட்டேன். அதன் கண்ணாடி மஞ்சள் பாய்ந்து, உள்ளே புறா கூடு கட்டியிருந்தது கீழே இருந்தே தெரிந்தது.

ஏற்காட்டில் அந்தத் திண்ணைக்காரர் விமானப்படையில் கருவிகள் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். மாஸ்டரை அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடது பக்கம் இஞ்சின் நெம்புகோல் ஒன்று செய்திருந்தேன், அழகாக வந்திருக்கிறது என்று நானே மெச்சிக்கொண்டது.

"தம்பி, மாருத்துக்கு இஞ்சின் எத்தனை?"

"ரெண்டு சார்."

"நெம்புகோல்?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பிறகு அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையையும் அங்கங்கே கொண்டுபோய்க் காட்டினார், இது இங்கே, அது முட்டிக்குப் பக்கத்தில் என்று. நான் நாற்காலிக் கையில் பென்சிலால் குறித்துக்கொண்டேன். வலது பக்கம் பின்னால் வந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. "அங்கே என்னமோ இருந்துச்சுப்பா, ஞாபகம் வரல" என்றார். அவருக்கு 80 வயதுக்கு மேல் ஆகிறது.

அதனால் என் கோரிக்கை இதுதான். நம் அருங்காட்சியகங்களிலும் கல்லூரி வளாகங்களிலும் ரோட்டோரப் பீடங்களிலும் நிற்கிற பழைய விமானங்களுக்கு எப்படியும் ஒரு நாள் கழுவி பெயின்ட் அடிப்பார்கள். அந்த நாளில் மூடியைத் திறந்து, ஓர் அளவுகோலை உள்ளே வைத்து, மேலிருந்தும் இரண்டு பக்கத்திலிருந்தும் முன்னாலிருந்தும் படம் எடுத்துப் பொதுவில் போட்டுவிடட்டும். ஓய்வு பெற்ற விமானங்கள், ரகசியம் ஒன்றும் பாக்கி இருக்காது. செலவு என்று பார்த்தால் ஓர் ஏணி, ஒரு டார்ச், அரை நாள். கல்லூரி வளாகம் என்றால் படிக்கிற பிள்ளைகளையே செய்யச் சொல்லலாம். தமிழ்நாடு ராணுவத் தொழில் வழித்தடத்தில் சேலமும் ஒரு முனை என்று உங்கள் பேப்பரில் அடிக்கடி படிக்கிறேன், இங்கே படிக்கிற பிள்ளைகள் ஒரு விமானியின் இருக்கையை எட்டிப் பார்த்தால் ஒன்றும் குறைந்துவிடாது. ஆள் வேண்டும் என்றால் நான் வருகிறேன், டார்ச் என்னுடையது, புறாக் கூட்டையும் நானே எடுத்துவிடுகிறேன்.

கட்டுரை எழுதியவர் சேலம் பக்கம் வந்தால் லேப்புக்கு வரச் சொல்லுங்கள், அவருக்காக ஒரு வார்ப்பு எடுத்து வைத்திருக்கிறேன். நெம்புகோல் இரண்டாகிவிட்டது. வலது பக்கப் பெட்டியின் பின்பாதியை மட்டும் வழவழவென்று வெறுமையாக விட்டிருக்கிறேன், தெரியாததைச் செதுக்க மனம் வரவில்லை.

இப்படிக்கு,
ஒரு பல் லேப்காரன்,
அஸ்தம்பட்டி, சேலம்.